பழைய குடும்பக் காருக்குப் புது டயர்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் வாங்குவது

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி வண்டிகளுக்கு டயர் மாற்றும்போது சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் துணையாகப் போய் வருகிறேன். புதிதாக டயர் வாங்குகிறவர்கள் தடுமாறுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். டயர் தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்ன அன்றைக்கே கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த வேலையில் கடை என்பது பாதிக்கு மேல் முடிந்த பிறகு வரவேண்டிய படி. பழைய டயர் ஏன் அப்படித் தேய்ந்தது என்று தெரியாமல் புதுசை மாட்டினால், அதே காரணம் புதுசையும் தின்றுவிடும். பழைய வண்டியில் இது நிச்சயம் நடக்கும். அதனால் கீழே சொல்லியிருக்கிற வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வண்டியோடு வந்த கையேடு, ஒரு டார்ச், ஒரு காற்றழுத்த மானி, செல்போன். மானியைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. பங்க்கில் இருக்கும் மானி சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டிக்கு உரிய டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் இப்போது மாட்டியிருக்கும் டயரை மட்டும் பார்த்து அளவு எழுதாதீர்கள். இரண்டு மூன்று கை மாறிய வண்டியில் முந்தைய உரிமையாளர் வேறு அளவு போட்டிருக்கலாம். ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப்போயிருந்தால் கையேட்டைப் பாருங்கள்.

அப்புறம் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? சொந்தக் காரின் பதிவு 15 வருடத்தில் முடியும். புதுப்பித்து ஓட்டப் போகிறீர்களா, அதற்குள் விற்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து வாங்கும் மாடல் மாறும். விற்கப் போகிற வண்டிக்கு விலை உயர்ந்த மாடல் வேண்டாம். ஆனால் அதற்காகப் பழைய டயர், செகண்ட் ஹேண்ட் டயர் என்று இறங்கவும் வேண்டாம். அந்த டயர் காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது, உள்ளே நூல் அறுந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

2. பழைய டயரைத் தடவிப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். முன் டயரின் முழு அகலமும் வெளியே தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், வெகுநாளாகக் காற்று அதிகமாக இருந்திருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் (தரையில் படுகிற ரப்பர் மேடு) மிச்சமிருந்தால், காற்று குறைவாகவே ஓடியிருக்கிறது. இந்த இரண்டும் நம் கையில் இருக்கிற விஷயம், செலவில்லாமல் சரிசெய்துவிடலாம்.

உள்பக்க ஓரம் மட்டுமோ வெளிப்பக்க ஓரம் மட்டுமோ தேய்ந்திருந்தால், சக்கரம் சரியான கோணத்தில் நிற்கவில்லை என்று அர்த்தம். உள்பக்க ஓரம் நின்றபடி பார்த்தால் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாக இருக்கும், உள்ளே கம்பி தெரிகிற அளவுக்கு மொட்டையாகியிருக்கும். அதனால்தான் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை மெதுவாக நகர்த்துங்கள். கம்பி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரியும் பட்டால் டோ கோணம், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், தவறியிருக்கிறது. இது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

சுற்றளவு நெடுக அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் வேலை முடிந்துவிட்டது. பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) கெட்டாலும், வீல் பேரிங் ஆடினாலும் இப்படி வரும்.

நான்கு சக்கரத்தையும் பார்த்து, எந்தச் சக்கரம், எந்த ஓரம் என்று எழுதுங்கள். இந்தக் குறிப்பு நான்காவது படியில் மெக்கானிக் கைக்குப் போகும்.

3. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

டயரின் பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் சின்னச் சின்னக் குறுக்குக் கட்டைகள் இருக்கும். பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்றோ ஒரு சிறு முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்தக் கட்டையோடு மட்டமாகிவிட்டால் சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது. புது டயரில் பள்ளம் ஏறக்குறைய 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும்.

கட்டையைத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டாலே, ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். பள்ளத்தின் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. ஆழம் குறைந்தால் நான்குவழிச் சாலையில் தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கும், அந்த நேரத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் நம் பேச்சைக் கேட்காது.

பட்டன் நிறைய இருந்தும் மாற்ற வேண்டிய டயர்கள் உண்டு. வீட்டு வாசலில் வெயிலிலேயே நிற்கும் வண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டி, இவற்றில் டயர் தேய்வதற்கு முன் ரப்பர் செத்துப்போகும். பக்கச் சுவரிலும் பட்டன்களின் அடியிலும் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். பெரிய டயர் நிறுவனங்கள், ஐந்து வருடம் ஆனதும் ஆண்டுதோறும் ஆளை வைத்துப் பார்க்கச் சொல்கின்றன, பத்து வருடத்துக்கு மேல் எப்படி இருந்தாலும் வேண்டாம் என்கின்றன. மதுரை வெயிலில் நான் ஆறு வருடத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

பக்கச் சுவரில் புடைப்பு இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். பள்ளத்தில் அடிபட்டு உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயரோடு வெளியூர் போகாதீர்கள்.

4. கீழ் வேலையை முதலில் முடியுங்கள்

இரண்டாவது படியில் எழுதிய குறிப்போடு மெக்கானிக்கிடம் போங்கள், டயர் கடைக்கு அல்ல. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், இந்த ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் ஒரு தடவை, இடமும் வலமும் ஒரு தடவை பிடித்து ஆட்டினால் எது தளர்ந்திருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

ஏன் முதலில்? தளர்ந்த புஷ்ஷோடு செய்த அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைத் திருத்தும் வேலை, கடை வாசலைத் தாண்டியதும் மாறிவிடும். மெஷினில் எண்கள் பச்சையாகத்தான் தெரியும், வண்டி ஓடும்போது சக்கரம் வேறு கோணத்துக்குப் போய்விடும். டயர் மாட்டிய பிறகு புஷ் மாற்றினால் அலைன்மென்ட்டுக்கு இன்னொரு தடவை காசு கொடுக்க வேண்டும். கையில் இருப்பது ஒரு தொகைதான் என்றால், கீழ் வேலையை முடித்துவிட்டு, மீதிப் பணத்தில் இரண்டு டயர் மட்டும் வாங்குவது புத்திசாலித்தனம்.

5. அளவை மாற்றாதீர்கள்

165/80 ஆர்14 என்றால் டயரின் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். பழைய ஸ்விஃப்ட் பலவற்றுக்கு இதுதான். ஆல்டோவுக்கு 145/80 ஆர்12, ஐ10-க்கு 155/80 ஆர்13, பழைய இன்னோவாவுக்கு 205/65 ஆர்15 என்று பார்க்கலாம். உங்கள் வண்டிக்கு ஸ்டிக்கரில் உள்ளதே கணக்கு.

கடையில், "அண்ணே, 175 போட்டுக்கங்க, வண்டி ரோட்டை அப்படியே புடிச்சு ஓடும்" என்பார்கள். பத்து மில்லிமீட்டர்தானே என்று தலையாட்டிவிடுவோம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது.

165/80 ஆர்14 டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக 264. ரிம் 355.6. மொத்த உயரம் 619.6 மில்லிமீட்டர். அதையே 175/80 ஆர்14 ஆக்கினால் பக்கச் சுவர் 140, மொத்த உயரம் 635.6. அகலத்தை மட்டும் கூட்டியதாக நினைத்தோம், அந்த 80 என்பது சதவீதம் என்பதால் உயரமும் 16 மில்லிமீட்டர் கூடிவிட்டது. அதாவது 2.6 சதவீதம். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும், பிக்கப் மந்தமாகும். குலதெய்வம் கோயிலுக்கு முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு மேடு பள்ளத்தில் இறங்கும்போது வீல் ஆர்ச்சில் உரசவும் உரசலாம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் மொத்த உயர வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அந்த ரிம்மின் அகலத்துக்கும் அந்த டயர் பொருந்த வேண்டும் என்பது பொதுவான எல்லை. ஆனால் அதே மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவைத் தவிர வேறு எதற்கும் போகாதீர்கள். பழைய என்ஜினுக்கு அகல டயர் இழுவைச் சுமை, மைலேஜும் குறையும்.

அளவுக்குப் பக்கத்தில் 85டி என்று ஒன்று இருக்கும். 85 என்பது சுமை எண், ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரைக்கான வேகக் குறி. இந்த இரண்டும் பழைய அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. "வேற சுமை எண் இருந்தா என்ன, சைஸ் ஒண்ணுதானே" என்று யாராவது சொன்னால் அந்த டயரை வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. உங்கள் சாலைக்கு ஏற்ற மாடல்

எந்தக் கம்பெனி என்று கேட்காமல், வண்டி எங்கே ஓடுகிறது என்று எழுதுங்கள். எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன், மிச்செலின், யோகோஹாமா என எல்லாரிடமும் உழைப்புக்கு ஒரு மாடல், பிடிப்புக்கு ஒரு மாடல், சத்தம் குறைவுக்கு ஒரு மாடல் என்று உண்டு. கம்பெனிப் பெயரைவிட மாடல் பெயர்தான் வித்தியாசத்தைத் தீர்மானிக்கிறது.

பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்துக்குப் போய்வருகிற வண்டி என்றால் பக்கச் சுவர் உறுதியான, உழைப்புக்குப் பெயர்போன மாடல். சீமைக்கருவேலம் முள் கிடக்கிற பாதையில் மெல்லிய டயர் அடிக்கடி பஞ்சராகும். முள் குத்தினால் உடனே காற்று இறங்காது, இரண்டு மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். குறைந்த காற்றோடு ஓட்டினால் பக்கச் சுவர் உள்ளுக்குள் கெட்டுப்போகும்.

திண்டுக்கல், திருச்சி, திருநெல்வேலி என்று நான்குவழிச் சாலையிலேயே ஓடுகிற வண்டிக்கும், கொடைக்கானல் மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்குகிற வண்டிக்கும் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற மாடலாகக் கேளுங்கள். கொஞ்சம் சீக்கிரம் தேயும், பரவாயில்லை. மதுரை ஊருக்குள், மாட்டுத்தாவணிக்கும் காளவாசலுக்கும் நடுவிலேயே ஓடுகிற வண்டிக்கு நடுத்தர விலையில் எதுவும் போதும்.

7. நான்கா, இரண்டா?

நான்கும் ஒரே வயது என்றால் நான்கையும் மாற்றுங்கள். இரண்டுதான் முடியும் என்றால், ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் (முன் இரண்டும், அல்லது பின் இரண்டும்) ஒரே மாடலாக இருக்க வேண்டும். இடது ஒன்று, வலது ஒன்று என்று கலந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

புது இரண்டும் பின்னால் போக வேண்டும். இதைக் கேட்டதும் கடைக்காரர் உட்பட எல்லாரும் மறுப்பார்கள், முன் சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது என்பார்கள். தேய்வது முன்னால் என்பது சரி. ஆனால் ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், வீட்டு வண்டி ஓட்டுகிற நம்மில் அதைத் திருப்பிப் பிடிக்கத் தெரிந்தவர் குறைவு. பழையதில் நல்ல ஜோடியை முன்னால் போட்டுவிட்டு, புதுசைப் பின்னால் மாட்டச் சொல்லி நில்லுங்கள்.

8. விலை கேட்கும் முறை

மாடல் பெயர், அளவு, சுமை எண் மூன்றையும் சொல்லி மூன்று கடைக்குப் போன் செய்யுங்கள். டயர் விலை மட்டும் கேட்டால் ஒப்பிட முடியாது. வரி, மாட்டுக்கூலி, புது வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட், பழைய டயருக்குக் கழிக்கும் தொகை எல்லாம் சேர்த்துக் கையில் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். உற்பத்திக் குறைபாட்டுக்கு வாரண்டி கேட்கப் போனால் பில் கேட்பார்கள். பில்லில் டயரின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

9. மாட்டுவதற்கு முன் தேதி

பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1425 என்றால் 2025-ம் ஆண்டின் 14-வது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கம். பல டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் டயர் தரையில் கிடக்கும்போதே நான்கையும் உருட்டிப் பாருங்கள், படம் எடுங்கள்.

ஆறு மாதத்துக்குள் என்றால் நல்லது. ஒரு வருடம் வரை, நிழலில் வைத்த டயர் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் வேறு கொண்டுவரச் சொல்லுங்கள். வெளியே வெயிலில் அடுக்கிவைத்த டயர் எந்தத் தேதியாக இருந்தாலும் வேண்டாம். போனிலேயே தேதி கேட்டுவிட்டுப் போனால் வீண் அலைச்சல் இல்லை.

10. மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

டீ குடிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால் இவற்றில் எதையும் சரிபார்க்க முடியாது.

பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மின் உள்விளிம்பைப் பாருங்கள். டயர் உட்காரும் இடத்தில் துரு பிடித்துப் பொருக்காக இருந்தால் சுரண்டி, தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பழைய இரும்பு ரிம்களில் இது சாதாரணம். இதை விட்டுவிட்டால் பஞ்சரே இல்லாமல் வாரா வாரம் காற்று இறங்கும். ரிம் நெளிந்திருக்கிறதா என்பது பேலன்சிங் மெஷினில் சுற்றும்போது தெரிந்துவிடும்.

ரப்பர் வால்வுகளைக் கண்டிப்பாகப் புதிதாகப் போடுங்கள். டயரோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லாத காசு. அதுவும் அதே வெயிலில் அதே வயது ஆனதுதான்.

டயரில் அம்புக்குறி இருந்தால் அது வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். 'அவுட்சைடு' என்று இருந்தால் அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். பேலன்சிங்கில் எடை ஒட்டிய பிறகு இன்னொரு தடவை சுற்றி, இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிட்டு அதோடு விடாமல், கடைசி முறுக்கை டார்க் ரெஞ்சில் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். துப்பாக்கி இறுக்கிய நட்டை நடுவழியில் வீட்டு ஸ்பேனரால் கழற்ற முடியாமல் தவிப்பவர்கள் நிறைய.

11. அலைன்மென்ட் கடைசியில்

நான்கு டயரிலும் சரியான காற்று வைத்த பிறகுதான் அலைன்மென்ட். முன், பின் எண்கள் இரண்டும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். பல சிறிய கார்களில் முன் சக்கரத்தின் டோ மட்டும்தான் திருகித் திருத்தக்கூடியது. கேம்பர் (சக்கரம் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம்) கரெக்‌ஷன் என்று தனித் தொகை சொன்னால், எந்தப் பாகம் வளைந்திருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் ஒப்புக்கொள்ளாமல் உங்கள் மெக்கானிக்கிடம் தாளைக் காட்டுங்கள்.

வெளியே வந்ததும் நேரான சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் நேராக நிற்கிறதா, வண்டி ஒரு பக்கம் போகிறதா? 80-ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்சிங்கில் கோளாறு, அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

12. முதல் சில வாரங்கள்

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும், புதிதாக மாட்டியதில் தளர வாய்ப்பு உண்டு. முதல் 300 கிலோமீட்டர் வேகமாக வளைக்காமல், திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டுங்கள். டயரை வார்க்கும் அச்சிலிருந்து வந்த வழவழப்பு தேய்ந்து போகும்வரை பிடிப்பு முழுதாக இருக்காது.

காற்றைக் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள். சித்திரை வெயிலில் திருச்செந்தூர் போய் இறங்கியதும் பார்த்தால் அளவு கூடியிருக்கும். கூடிவிட்டதே என்று பயந்து இறக்கிவிடுகிறார்கள், ஆறியதும் காற்று குறைவாகிவிடும். காற்றுக் குறைவு, முழுச் சுமை, வெயில், வேகம், இந்த நான்கும் சேரும்போது டயர் வெடிக்கிற ஆபத்து அதிகம். ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு என்று தனி அளவு இருந்தால், ஐந்து பேரும் பெட்டியும் ஏறும் நாளில் கிளம்புவதற்கு முன் காலையிலேயே அந்த அளவு வையுங்கள். நைட்ரஜன் கெடுதல் இல்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதற்காகக் காசு கொடுப்பதைவிட மாதம் இரண்டு தடவை மானி வைத்துப் பார்ப்பது பலன் தரும்.

மாட்டிய நாளின் கிலோமீட்டரைக் கையேட்டில் எழுதுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன், பின் டயர்களை இடம் மாற்றுங்கள். அம்புக்குறி உள்ள டயர் என்றால் அதே பக்கத்திலேயே முன், பின் மாற்ற வேண்டும். அப்போது ஓரத் தேய்மானம் தென்பட்டால் நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

13. ஸ்டெப்னியும் பழைய டயர்களும்

டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். வண்டி வாங்கிய நாள்முதல் தரையையே தொடாத டயர் என்று பெருமையாகச் சொல்வார்கள், பன்னிரண்டு வருட ரப்பர் அது. கழற்றிய நான்கில் வயது குறைந்த, வெடிப்பும் ஓரத் தேய்மானமும் இல்லாத ஒன்று இருந்தால் அதை ஸ்டெப்னியாக்குங்கள். இல்லையென்றால் ஐந்தாவதாக ஒன்று வாங்க வேண்டியதுதான். அதிலும் முழுச் சுமைக்கான காற்றை வைத்துவிடுங்கள், தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம், ஏற்றுவதற்குத்தான் நடுவழியில் ஆள் கிடைக்காது.

மற்ற பழைய டயர்களைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். செடி வைக்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டைமாடியில் போட்டால், மழையில் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வந்துவிடும். கொண்டுவந்தே தீருவேன் என்றால் அன்றைக்கே அடியில் நாலைந்து ஓட்டை போட்டுவிடுங்கள்.